கொர்லாயில் ஒரு போர்த்துகீசியம்

மும்பைக்குத் தெற்கே, ராய்காட் மாவட்டக் கடற்கரைக் கிராமமான கொர்லாயில் ஏறத்தாழ 1,000 கத்தோலிக்கர்கள் போர்த்துகீசியத்திலிருந்து கிளைத்த கலப்பு மொழியொன்றைப் பேசுகின்றனர். அவர்களுக்கு அது 'நோ லிங்', அதாவது நம்ம பாஷை.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வசமிருந்த செளல் துறைமுகத்தில், சிப்பாய்களுக்கும் உள்ளூர் வேலையாட்களுக்கும் இடையே பிறந்த பேச்சு இது. 1740இல் செளல் மராத்தியர் கைக்குப் போனதும் வசதியுள்ளவர்கள் வெளியேறினர். மதம் மாறிய ஏழைக் குடும்பங்கள் எதிர்க்கரைக் கொர்லாயில் தங்கிவிட்டன. சுற்றிலும் இந்துக்கள், முஸ்லிம்கள்; கொள்வினை கொடுப்பினை கிடையாது. வெளியே போக ஆற்றைத் தாண்ட வேண்டும். ஒதுக்கிவைத்ததே மொழிக்கு அரணாயிற்று.

மும்பையிலும் இதன் உறவுமொழிகள் இருந்தன. 1669-77இல் கிழக்கிந்தியக் கம்பெனி மும்பையில் சயான் கோட்டையைக் கட்டியபோது, கழிக்கு அப்பால் குர்லா உள்ளிட்ட சால்செட் தீவு போர்த்துகீசியருடையது. இப்பகுதிப் பேச்சுவழக்குகளைச் செபஸ்தியான் டல்காதோ 1906இல் பதிவு செய்தார். ஆங்கிலத்தின் பக்கம் வேலை இருந்தது, அவை மறைந்தன.

கொர்லாய் மொழி உறைந்து கிடக்கவில்லை. போர்த்துகீசியத்தில் வாக்கியத்தின் நடுவே வரும் வினைச்சொல், இங்கே மராத்தியிலும் தமிழிலும் போலக் கடைசிக்கு நகர்ந்துவிட்டது. போர்த்துகீசிய வினைகள் ஆ, எ, இ என்று முடிய, மராத்தியிலிருந்து வாங்கியவற்றுக்கு 'உ' என்று தனி ஈறே உண்டு.  இதையெல்லாம் கிளான்சி கிளெமெண்ட்ஸ் 1996இல் நூலாக்கினார்.

ஆற்றின் மேல் பாலம் வந்தபின் தனிமை போயிற்று. பள்ளியும் பூசையும் மராத்தியில், பிழைப்பு மும்பையில்.

இத்தகைய மொழிகளை மீட்க முடியுமா என்பதற்கு அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஒரு முன்னுதாரணம் உண்டு. சாலிஷ் குடும்பத்து லஷுட்சீட் மொழியின் முதியோர் பேச்சை 1950களில் லியோன் மெட்காஃப் ஒலிநாடாவில் பிடித்துவைத்தார். அம்மொழி பேசும் இனத்தவரான வை ஹில்பர்ட் பின்னாளில் அவற்றைக் கேட்டு எழுதினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மொழியையும் கற்பித்தார். 1994இல் அகராதியும் வெளிவந்தது. ஆனால் அதைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்கள் அதற்குள் அருகிவிட்டார்கள்.

கொர்லாய் அந்த நிலைக்குப் போகவில்லை. இங்கே மொழி இன்னும் வீட்டுக்குள் புழங்குகிறது. புதிய எழுத்தும் தேவையில்லை. பிள்ளைகள் மராத்திப் பள்ளியில் படிக்கும் தேவநாகரியிலேயே முதல் பாடப்புத்தகத்தை எழுதிவிடலாம்.