மலைநாடு காண வருவோர்க்கு

விருந்தினரை எவ்வாறு வரவேற்க வேண்டும் என்பதைப் பற்றி நம் முன்னோர் நிரம்பப் பேசியிருக்கின்றனர். விருந்தினராய் வருபவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி அதே அளவு பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. வாயிலுக்கு வந்தவரை முகங்கோணாது ஏற்பது இல்லத்தாரின் கடமையென்றால், வந்த வீட்டின் நிலையறிந்து நடப்பது வந்தவரின் கடமையன்றோ? இக்கேள்வி இன்று எங்கள் மலைநாட்டில், ஹற்றனிலிருந்து நுவரெலியா வரையிலும் அதற்கப்பால் எல்ல வரையிலும், நாள்தோறும் எழுகின்ற கேள்வியாகிவிட்டது.

நுவரெலியா விருந்தினர்க்கெனவே எழுந்த நகரம். 1819ஆம் ஆண்டில் ஜோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் இப்பீடபூமியைக் கண்டு எழுதினார். எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதி இங்கே தமக்கொரு மாளிகை கட்டினார். அதுவே இன்றைய கிராண்ட் ஹோட்டல். 1873இல் கிரகரி தேசாதிபதி சதுப்பு நிலத்தை ஏரியாக்கினார். சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சிய ஆட்சியாளர் உடல் தேறுவதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகள் இவை. அந்த ஏரியைச் சுற்றியே இன்றும் சித்திரை மாதத்து வசந்தகாலக் கொண்டாட்டம் நடைபெறுகின்றது.

இதே காலத்தில் மற்றொரு கூட்டம் மலையேறிற்று. தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த கூட்டம் அது. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காடுகளினூடே கால்நடையாய் வந்த அம்மக்கள் முதலிற் கோப்பியை வளர்த்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் எட்டிற்று. இன்று உலகெங்கும் புகைப்படங்களாய்ப் பரவியிருக்கும் பச்சைக் கம்பளம் இயற்கை விரித்ததன்று. மனிதர் கை விரித்தது. காட்டை அழித்து நிரை நிரையாக நட்டு, இன்றுவரை நாள்தோறும் கிள்ளிக் கிள்ளி அதைப் பச்சையாகவே வைத்திருப்பவர் எம்மக்கள். இதனை அறியாதவர் மலைநாட்டைப் பார்த்தவராகார்.

பங்களாவும் லயமும்

அண்மை ஆண்டுகளில் வருவோர் தொகை பெருகிவிட்டது. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் இலங்கைக்கு வந்தனர். 2019 ஏப்ரல் 21ஆந் திகதிக் குண்டுவெடிப்புகளும், பின்வந்த பெருந்தொற்றும், 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் அத்தொழிலைச் சாய்த்தன. 2024இல் அது மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது. சிற்றூராயிருந்த எல்ல, ஒன்பது வளைவுப் பாலத்தின் புகழால் நகரமாய் வீங்கிற்று. கந்தப்பளையில் பழைய தேயிலை ஸ்டோர் ஒன்று ஹோட்டலாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் 2005 முதல் விருந்தினர் விடுதிகளாயின.

இவற்றை நான் வெறுப்பவனல்லன். பழைய கட்டடம் பாழடைவதைவிடப் பயன்படுவது நன்று. நாலு இளைஞருக்கு வேலை கிடைப்பது அதனினும் நன்று. ஆனால் அவ்விடுதிகளில் விற்கப்படுவது பெரும்பாலும் துரையின் கதையே. அவர் சாய்ந்திருந்த நாற்காலியும், உண்ட பாத்திரமும், மாலைத் தேநீரும் மெருகேற்றி வைக்கப்படுகின்றன. விடியற்காலைப் பிரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, கொழுந்து நிறுக்கும் இடத்துச் சச்சரவு ஆகியவற்றுக்கு அக்கதையில் இடமில்லை. கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் 2021இல்தான் 1000 ரூபாயை எட்டிற்று. 2024 செப்டெம்பரில் அது 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. விடுதியின் ஓர் இரவு வாடகையை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை மாணவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

அருவிக்கும் ஒரு நிபந்தனை

தலவாக்கலையருகே சென்கிளையர் அருவியைக் காணாதவர் இருக்கமாட்டார். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வகுக்கப்பட்டபோது இவ்வருவி வற்றிவிடும் என்ற அச்சம் எழுந்தது. எதிர்ப்பும் எழுந்தது. பகற்பொழுதில் அருவிக்கென நீர் விடப்பட வேண்டும் என்ற ஏற்பாட்டின் பின்னரே திட்டம் நிறைவேறி 2012இல் இயங்கத் தொடங்கிற்று. கண்ணுக்கு இனிய காட்சியொன்றைக் காக்க நாடு குரலெழுப்பியது. மின்சாரத்தின் ஒரு பகுதியையே விட்டுக்கொடுத்தது. இது பாராட்டத்தக்க செய்தி. காட்சியைக் காக்க இயன்ற ஒரு நாட்டால், அக்காட்சிக்கு எதிரே லயத்தில் வாழும் மனிதரைக் காக்க இயலாதென்று எவ்வாறு சொல்வது? நூறாண்டு கடந்த பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுக்காக அவ்வாறொரு நிபந்தனையை விதித்தவர் யார்?

அருவியெதிரே பாதையோரத்தில் ஒருநாள் ஒரு காட்சி கண்டேன். வெளிநாட்டுத் தம்பதியர் இருவர், கொழுந்துக் கூடையோடு வந்த ஓர் அம்மாவைப் படமெடுத்தனர். எடுத்தபின் பணம் நீட்டினர். அவர் அதனை வாங்கவில்லை. என்னைப் பார்த்து, “காசு வேணாம்னு சொல்லுங்க சார். இந்தப் படத்துல ஒன்ன எனக்கு அனுப்பச் சொல்லுங்க” என்றார்.

நான் அதனை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். அவர்கள் மகிழ்ந்து விலாசம் கேட்டனர். அம்மா தம் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், டிவிசனையும் சொன்னார். வீட்டிலக்கம் என்ன என்றனர்.

“இலக்கமெல்லாம் இல்லீங்க சார். தோட்டத்து ஆபீசுக்குப் போட்டா வரும். கைக்கு எப்ப வரும்னுதான் சொல்ல ஏலாது.”

அவர்கள் எழுதிக்கொண்டு சென்றனர். படம் வந்து சேர்ந்ததோ, அறியேன்.

இலக்கமில்லாத இவ்வீட்டில்தான் பொறுப்புள்ள உல்லாசப் பயணத்தின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பயணிகளால் ஊருக்கு வருவாய் உண்டு என்கின்றனர். உண்மைதான். ஆனால் அவ்வருவாயைப் பெறுவதற்கு ஓர் அறையாவது, ஒரு கடையாவது, வங்கியிற் கடன்பெற ஓர் உறுதியாவது வேண்டும். 1948இல் பிரசாவுரிமையை இழந்த இம்மக்கள் அதனை முற்றாய் மீளப் பெறுவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தனர். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எதிலும் லயத்துக் குடும்பத்தின் பெயரில் ஓரடி நிலம் எழுதப்படவில்லை. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியில் தனி வீடு பெற்றோர் ஒரு பகுதியினரே. எனவே எல்லயிலே காணியுள்ளவர் தம் வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்க முடிகிறது; தோட்டத்து மகளோ தன் முற்றத்தில் ஒரு தேநீர்க் கடை வைக்கவும் அனுமதிக்குக் காத்து நிற்கிறாள். றம்பொடை வளைவுகளில் பூங்கொத்தைக் கையிலேந்தி, குறுக்குப் பாதையில் வாகனத்தை முந்தி ஓடிவரும் சிறுவனைக் கண்டு வியந்து நகைப்பவர், அவனுடைய வீட்டாருக்கு வேறென்ன வழி திறந்திருக்கிறது என்பதையும் சற்று எண்ணவேண்டும்.

சரிவு தாங்குமா?

மக்களைப் போலவே மலைக்கும் ஒரு பொறுமை எல்லையுண்டு. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களின் மேல் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிலும் மலைநாட்டின் பல சரிவுகள் இறங்கின; உயிர்கள் போயின; புகையிரதப் பாதையும் சிதைந்தது. காட்சி நன்றாகத் தெரியுமென்று செங்குத்தான சரிவைச் சீவி விடுதி எழுப்புவோர் இதனை மறக்கலாகாது. மேலே வெட்டினால் மண் கீழே வரும். கீழே இருப்பது பெரும்பாலும் லயம்.

குப்பையின் கதையும் இத்தகையதே. ஹோட்டன் சமவெளியின் வாயிலில் பயணிகளின் பைகளைச் சோதித்துப் பிளாஸ்ரிக் உறைகளை அகற்றுகின்றனர். அந்த ஒழுங்கு வேண்டுமென்றால் இயலும் என்பதற்கு அதுவே சான்று. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை இலட்சக்கணக்கானோர் ஏறும் சிவனொளிபாத மலையிலோ, பக்தியோடு ஏறியவர் விட்டுச்சென்ற போத்தல்களும் பொலித்தீன்களும் ஓடைகளில் இறங்குகின்றன. அவ்வோடை நீரைக் குடிப்போர் கீழ்த் தோட்டத்தார்.

ஆகவே வரவேண்டாம் என்கிறேனோ? இல்லை, வருக என்றே சொல்கிறேன். கண்டியருகே ஹந்தானையில் தொடங்கி, 22 கட்டங்களாய் 300 கிலோமீட்டருக்கு மேல் தேயிலை மலைகளை வளைந்து நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ’ நடைபாதை இன்று புகழ்பெற்று வருகிறது. நடந்து வருபவர் மெதுவாக வருவார், வழியில் தேநீர் குடிப்பார், பேசுவார். அதனால் இது நல்ல முயற்சி. அப்பாதைகளை வெட்டியவரின் பேரப்பிள்ளைகள் அங்கே வழிகாட்டிகளாகவும் கடைக்காரராகவும் நிற்க வேண்டும். தம் வரலாற்றைத் தாமே சொல்ல வேண்டும். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிச் சென்றார். அவர் பெயரைச் சொல்லாத வழிகாட்டி என்ன வழிகாட்டி?

இறுதியாக, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பாடசாலைச் சுற்றுலாக்கள் இங்கு வருகின்றன. பிள்ளைகள் ஏரியில் படகோட்டுகின்றனர், ஹக்கலைப் பூங்காவில் மலர் காண்கின்றனர், திரும்பிவிடுகின்றனர். அடுத்த முறை ஒரு தோட்டப் பாடசாலைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளும் அப்பிள்ளைகளும் ஒரு மணிநேரம் சேர்ந்திருக்கட்டும். மதிய உணவைத் தோட்டத்தார் கையாற் சமைத்து விலைக்கு வாங்குங்கள். படமெடுக்குமுன் அனுமதி கேட்கவும், எடுத்த படத்தை அனுப்பிவைக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். விலாசம் எழுதும்போது வீட்டிலக்கத்துக்கு உரிய இடம் வெறுமையாயிருப்பதை ஒரு மாணவன் கண்டு ஏனென்று கேட்டானாயின், அன்றைய பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.