உறங்கத் தெரிந்த பூட்டு

திண்டுக்கல் பூட்டின் பெருமையை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். அதற்கு வேண்டியது சாவி ஒன்றே, மின்சாரம் வேண்டுவதில்லை. இன்றோ விரலை வைத்தால் திறக்கும் பூட்டு கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. சாவி தொலையும் என்ற கவலையை அது போக்கியது. பேட்டரி தீர்ந்துபோனால் வாசலில் நிற்க வேண்டுமே என்ற புதுக் கவலையைத் தந்தது. அதைக் குறைப்பது எங்ஙனம்? இயற்பியல் துறையில் நானும் நண்பர்கள் இருவரும் செய்த பூட்டைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

விரல்ரேகைக் கலை நமக்குப் புதிதன்று. 1897-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் தோன்றியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இந்தியர் இருவரின் உழைப்பு பெரிதும் துணைநின்றது. இன்றைய கருவி, ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்னும் புள்ளிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, வைக்கும் விரலை அவற்றோடு ஒப்பிடுகிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சிறிய அல்கலைன் பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்தால் 6 வோல்ட் கிடைக்கும். அவற்றின் கொள்ளளவு ஏறத்தாழ 2000 மில்லி ஆம்பியர்-மணி. ரேகை படிக்கும் கருவி 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. மாணவர்கள் வழக்கமாக வாங்கும் ஆர்டுயினோ ஊனோ பலகை சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 45 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. இரண்டையும் எந்நேரமும் இயக்கினால் ஒரு நாள் முடியுமுன்னே பேட்டரி ஓய்ந்துவிடும்!

பூட்டு உழைக்கும் நேரமோ நாளில் ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேல். எஞ்சிய பொழுதெல்லாம் அது காத்திருக்கிறது. ஆகவே காத்திருக்கும் செலவைக் குறைப்பதே வழி. பலகையை விட்டுவிட்டு, அதிலுள்ள ஏடிமெகா 328 சிப்பை மட்டும் எடுத்து உறக்க நிலையில் வைத்தோம். ரேகைக் கருவிக்குச் செல்லும் மின்சாரத்தை ஒரு டிரான்சிஸ்டரால் அறவே நிறுத்தினோம். கைப்பிடியின் கீழுள்ள பொத்தானை அழுத்தினால்தான் சிப் விழிக்கும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதியையும் சேர்த்து, உறக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர்தான் செலவு. நாளெல்லாம் கூட்டினாலும் கால் மில்லி ஆம்பியர்-மணிக்கு மேல் போகாது.

தாழ்ப்பாளை நகர்த்த மின்காந்தச் சுருளைப் பயன்படுத்தினால், கதவு திறந்திருக்கும் வரை அதற்கு மின்சாரம் ஊட்ட வேண்டும். பற்சக்கரமுள்ள சிறு மோட்டாரோ நகர்த்தியபின் நின்றுவிடும். ரேகை படிக்க 2 விநாடிக்கு 60 மில்லி ஆம்பியர். மோட்டாருக்கு 1 விநாடிக்கு 250. நாளுக்கு 20 முறை திறந்தால் மொத்தம் 2 மில்லி ஆம்பியர்-மணி. உறக்கச் செலவையும் கூட்டினால், கணக்குப்படி 800 நாட்களுக்கு மேல் வரும். பேட்டரி தானே வலுவிழப்பதால் பாதியைத் தள்ளினாலும் ஓராண்டு உறுதி.

இச்சிக்கனத்தால் விளையும் பெரும் பயன் வேறொன்று. என் தந்தையார் கொத்தனார். சிமெண்டு அவரது கட்டைவிரல் ரேகையைத் தேய்த்துவிட்டது. கைநாட்டுக் கருவிகளின் முன் முதியோர் பலர் தவிப்பதை நாம் காண்கிறோம் அன்றோ? மகன் செய்த பூட்டே தந்தையைத் தடுக்கலாமா? அவருடைய இடக்கை மோதிரவிரல் தெளிவாக விழுந்தது; அதையும் பதிந்தோம். ஒருமுறை தவறினால் மும்முறை வரை முயல இடமளித்தோம். கூடுதல் முயற்சி ஒன்றுக்கு ஆவது ஒரு மில்லி ஆம்பியர்-மணியில் முப்பதில் ஒரு பங்கே! உறக்கத்தில் சேமித்ததை உழைத்த கைக்குத் தாராளமாகச் செலவிடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பேட்டரியை அளக்க வேண்டியது மோட்டார் ஓடும்போதுதான். சும்மா இருக்கையில் ஓய்ந்த பேட்டரியும் நல்லதுபோல் காட்டும். ஓடும்போது 4.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு விளக்கு எரியும். இரண்டாவது, சாவித் துளையை நீக்கிவிடாதீர்கள். எந்தக் கருவியும் ஒருநாள் ஓயும். அன்று வீட்டுக்காரர் வெளியே நிற்கலாகாது.

தோழர்களே, இதற்கு வேண்டிய அறிவு ஓமின் விதியும் பெருக்கல் வாய்ப்பாடுமே. உங்கள் வீட்டில் காத்திருக்கும் கருவிகள் எவ்வளவு குடிக்கின்றன என்று நீங்களும் அளந்து பாருங்கள்.