திரையில் தெரிவதெல்லாம் மீனா? மீனவர்களை ஏமாற்றும் சோனார் எதிரொலிகள்!

விசைப்படகின் திரையில் திடீரென ஒரு சிவப்புத் திட்டு. மீன் கூட்டம் என்று நம்பி வலையை இறக்கினால், டீசல் செலவுதான் மிச்சம். ஆனால், கருவியில் பழுது எதுவும் இருக்காது. தன் காதில் விழுந்த ஒலியை அது அப்படியே காட்டியிருக்கும், அவ்வளவுதான்!

கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாயும். படகின் அடியிலிருந்து அனுப்பிய ஒலி 0.1 நொடியில் திரும்பினால், ஆழம் 75 மீட்டர் என்று கருவி கணக்குப் போடுகிறது. குழப்பம் தொடங்குவதும் இந்தக் கணக்கில்தான்.

இரண்டாவது தரை

ஆழம் குறைந்த இடத்தில், தரையில் பட்ட ஒலி நீர்மட்டத்தில் மோதி, மீண்டும் தரைக்குப் போய்த் திரும்பும். 20 மீட்டரில் இருக்கும் தரை, 40 மீட்டரிலும் மங்கலாகத் தெரியும். இதை உண்மையான ஆழம் என நினைத்தால் படகு தரைதட்டும் ஆபத்தும் உண்டு. 'கெயின்' அளவைக் குறைத்தால் முதலில் மறைவது இந்தப் பொய்த் தரைதான்.

பக்கத்துப் படகின் சத்தம்

பல படகுகள் ஒரே இடத்தில் கூடும்போது, ஒரே அலைவரிசையில் இயங்கும் கருவிகளின் ஒலி கலந்துவிடும். திரையில் சீரான இடைவெளியில் சாய்வான கோடுகளும் புள்ளிகளும் ஓடும். ஒலி அனுப்புவதைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அப்போதும் கோடுகள் வந்தால், அவை நம் எதிரொலி அல்ல. வேறு படகிலிருந்தோ, நம் படகின் மின்சாதனங்களிலிருந்தோ வருபவை. 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 200-க்கு மாற்றினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

காற்றுக் குமிழிகள்

காற்றில் பட்டால் ஒலி பலமாகத் திரும்பும். பல மீன்கள் திரையில் பளிச்செனத் தெரியக் காரணம், அவற்றின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பைதான். இதே காரணத்தால், புரொப்பல்லர் கிளப்பும் குமிழிகளும் திரையின் மேல்பகுதியில் மீன் கூட்டம் போலத் தோன்றும். வேகத்தைக் குறைத்து, குமிழிகள் அடங்கும்வரை காத்திருந்தால் உண்மை தெரியும்.

விஞ்ஞானிகளே குழம்பிய கதை

1942-ல் கலிஃபோர்னியா கடலில் சோனார் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்களுக்கு, சில நூறு மீட்டர் ஆழத்தில் தரை போன்ற ஓர் அடுக்கு தெரிந்தது. உண்மையான தரையோ அதற்கும் வெகு கீழே! அந்த அடுக்கு இரவில் மேலேறி, பகலில் இறங்குவதை 1945-ல் மார்ட்டின் ஜான்சன் கண்டறிந்தார். தரையாகத் தெரிந்தது, இரை தேடி மேலே வரும் உயிரினங்களின் பெருங்கூட்டம்.

ஆக, வலையை இறக்கும் முன் கெயின், அலைவரிசை, வேகம் மூன்றையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு நிமிட வேலை. ஒரு நாள் டீசலை மிச்சப்படுத்தும்!