சிறிய வீடு, திறந்த கதவு



பிழைப்பைத் தேடி நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பல இன்றும் வாடகை வீடுகளிலேயே வாழ்கின்றன. ஓர் அறை, ஒரு சமையலறை, மழைக்காலத்தில் ஈரம் கசியும் ஒரு சுவர். வீட்டுக் கூட்டத்திற்கு நாள் குறிக்கும்போது, "பாஸ்டர், எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை, பெயின்ட் அடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்" என்ற பதிலை ஊழியர்கள் அடிக்கடி கேட்கிறோம். பெயின்ட் அடிக்கும் நாள் வருவதேயில்லை.

மறுபுறம், பிள்ளையின் பிறந்தநாள் ஸ்தோத்திர ஜெபத்திற்காக வட்டிக்குப் பணம் வாங்கி, பலூன் தோரணமும் பிரியாணியுமாக ஒரே மாலையில் அதைச் செலவழித்துவிட்டு, மாதக்கணக்கில் தவணை கட்டுகிற குடும்பங்களும் உண்டு. முதல் குடும்பம் வெட்கத்தினால் கதவை மூடியிருக்கிறது. இரண்டாவது குடும்பமோ கடனால் அடுத்த ஆண்டு கதவை மூடப்போகிறது. வீட்டை அலங்கரிப்பதன் நோக்கம் மற்றவர்களை உள்ளே வரவேற்பதே. அந்த நோக்கத்தை மறவாதிருந்தால் செலவு தானாகவே குறையும். அதற்கான வழிகளைச் சிந்திப்போம்.

வேதம் காட்டும் வீடுகள்

சூனேம் ஊராள் எலிசா தீர்க்கதரிசிக்காக ஒரு சிறிய மேலறையை ஆயத்தம் பண்ணினாள் (2 இராஜாக்கள் 4:10). அதில் அவள் வைத்த பொருட்கள் நான்கே: கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு. அவள் கனம்பொருந்திய ஸ்திரீ. விலையுயர்ந்த பொருட்களால் அந்த அறையை நிரப்ப அவளால் முடிந்திருக்கும். ஆனால் வரப்போகிறவருக்கு எது தேவை என்பதையே அவள் யோசித்தாள்.

பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரியில் இரண்டு வருஷம் வாடகை வீட்டில் தங்கி, தன்னிடம் வந்த யாவரையும் ஏற்றுக்கொண்டான் (அப்போஸ்தலர் 28:30). ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியை விட்டு வெளியேற நேர்ந்து, ஊர் ஊராய்க் குடிபெயர்ந்து, கூடாரம் தைத்துப் பிழைத்தவர்கள். அவர்களுடைய வீட்டில் சபை கூடியது (1 கொரிந்தியர் 16:19). வாடகை வீடும் குடிபெயர்ந்த வாழ்வும் உபசரிப்புக்குத் தடையல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

"அலங்காரம் உலகத்துக்குரியது அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பெசலெயேலை ஆவியினால் நிரப்பி, கைவேலையில் ஞானத்தைக் கொடுத்தவர் தேவனே (யாத்திராகமம் 31). அழகு தேவனுக்கு விரோதமானது அல்ல. பெருமையும் கடனுமே நம்மைக் கெடுக்கின்றன.

நம் நகரத்தில் வாழ்ந்த ஒருவர்

தம்பானூரில் பேருந்து நிலையத்தருகே, சுருள் வடிவில் மேலேறும் செங்கல் கட்டிடத்தில் இயங்கும் இந்தியன் காபி ஹவுஸை நீங்கள் யாவரும் கண்டிருப்பீர்கள். அதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்த இவர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1945இல் தொழுநோயாளரிடையே ஊழியம் செய்யும் மிஷனின் கட்டிடப் பணிக்காக இந்தியாவுக்கு வந்தார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கபை 1948இல் மணந்தார். இமயமலைப் பகுதியில் பல ஆண்டுகள் இருவரும் மருத்துவ ஊழியம் செய்தபின், 1970 வாக்கில் திருவனந்தபுரத்தில் குடியேறினார்கள். 2007 ஏப்ரல் 1ஆம் தேதி மரிக்கும்வரை அவர் இந்நகரத்திலேயே வாழ்ந்தார். 1990இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

உபதேசத்தில் அவர் நம்மவர் அல்லர். ஆயினும் செலவைக் குறைக்கும் ஞானத்தை அவரிடம் கற்றுக்கொள்ளலாம். கட்டுமானப் பொருட்களை அருகிலிருந்தே பெறவேண்டும் என்று காந்தியடிகள் கூறிய ஆலோசனையை அவர் வாழ்நாளெல்லாம் கைக்கொண்டார். நல்ல செங்கல்லின்மேல் பூச்சும் பெயின்டும் எதற்கு என்று கேட்டு, அவற்றைத் தவிர்த்தார். ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கி, வெளிச்சமும் காற்றும் வரச் செய்தார். இடித்த வீடுகளின் பழைய கதவுகளையும் நிலைகளையும் வாங்கிப் பயன்படுத்தினார். நாலாஞ்சிறையிலுள்ள அவருடைய சொந்த வீட்டின் சுவர்களில் பழைய கண்ணாடிப் புட்டிகளும் பதிக்கப்பட்டிருக்கின்றன. நகரத்தின் நடுவே ஏழைகள் வாழ்ந்த செங்கல்சூளைக் குடியிருப்புக்கும் அவர் வீடுகளை வடிவமைத்தார்.

நாம் கட்டிடம் கட்டப்போவதில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விகளை நம் ஓரறை வீட்டிலும் கேட்கலாம். இது தேவைதானா? இது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறதா? இதை அருகிலேயே பெறமுடியுமா?

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு தாளில் மூன்று பத்திகள் எழுதுங்கள்: இருப்பவை, நாமே செய்யக்கூடியவை, வாங்கவேண்டியவை. கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முன்னதாகச் செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்ற ஆண்டவருடைய போதனை (லூக்கா 14:28) வீட்டு அலங்காரத்திற்கும் பொருந்தும். மூன்றாவது பத்திக்குக் கையிருப்புப் பணம் மட்டுமே. தவணைக்கு எதையும் வாங்காதீர்கள்.

அடுத்து, தேவையற்றதை வெளியேற்றுங்கள். உடைந்த நாற்காலி, ஓடாத மின்விசிறி, பத்து வருஷத்துக் காலண்டர்கள் ஆகியவை போனாலே நான்குபேர் உட்காரும் இடம் கிடைத்துவிடும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சுவர்

நம் நகரத்தில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ஆகையால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அதை வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரிசெய்த பிறகே சுவரில் கைவையுங்கள். ஈரச் சுவரின்மேல் அடித்த பெயின்ட் உரிந்துவிடும். பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் ஒட்டினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சை வளரும். அலமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் காற்று ஓடும்.

வெள்ளையடிப்பதே மிகக் குறைந்த செலவு. நீற்றிய சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் தண்ணீர் கலந்து, ஒரு நாள் ஊறவைத்து, முரட்டுத் துணியில் வடிகட்டி, சிறிது பசை சேர்த்து, மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசவேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையையும் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே எமல்ஷன் பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அதைச் சோப்புத் தண்ணீரால் துடைப்பதே போதும். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். வீட்டுக்காரரின் அனுமதியையும் முன்பே பெறுங்கள். அது நம் சாட்சிக்கு அழகு.

ஜன்னலும் இருக்கையும்

ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரு பழைய பருத்திச் சேலையில் சாதாரண ஜன்னல்கள் இரண்டுக்குத் திரை தைக்கலாம். கிழிந்த பகுதியை வெட்டிவிட்டு, ஓரம் மடித்துத் தைத்து, மேலே நாடாக்கள் வைத்தால் ஜன்னல் கம்பியிலேயே கட்டிவிடலாம், ஆணி அடிக்கவேண்டியதில்லை. மீதித் துணி மேஜை விரிப்பாகும்.

இருபதுபேர் வந்தால் உட்கார நாற்காலிகள் வேண்டுமென்பதில்லை. நம் பக்கத்துப் பத்தமடைப் பாயோ சாதாரணக் கோரைப்பாயோ இரண்டு மூன்று இருந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்திவிடலாம். முழங்கால் வலியுள்ள முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் நான்கு நாற்காலிகளைப் பக்கத்து விசுவாசி வீட்டிலிருந்து வாங்கி வையுங்கள்.

சாலைக் கடைத்தெருவின் பழக்கடைகளில் மரப்பெட்டிகள் கிடைத்தால் வாங்கிவந்து, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளைப் பிடுங்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். இரண்டை அடுக்கினால் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் வைக்கும் அலமாரி ஆகும்.

மரப்பெட்டியை இழிவாக எண்ணவேண்டாம். 1906 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பானி ப்ரே தெருவிலிருந்த ஒரு சாதாரண வீட்டின் ஜெபக்கூட்டத்தில் ஆவியானவரின் அபிஷேகம் ஊற்றப்பட்டது. கூட்டம் பெருகவே, சகோதரர் வில்லியம் சீமோரும் விசுவாசிகளும் அசூசா தெருவில் இருந்த ஒரு பழைய கட்டிடத்துக்குச் சென்றார்கள். முன்பு ஆலயமாயிருந்து, பின்பு குதிரை லாயமாகவும் பயன்பட்ட கட்டிடம் அது. அங்கே பீப்பாய்களின்மேல் வைத்த பலகைகளே இருக்கைகள். ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய இரண்டு மரப்பெட்டிகளே பிரசங்கபீடம். உலகமெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே எழுப்புதல் இந்தத் தட்டுமுட்டுகளின் நடுவே வளர்ந்தது.

சுவரில் வசனம், ஜன்னலில் செடி

புத்தாண்டு ஆராதனையில் பெற்ற வாக்குத்தத்த வசனத்தைப் பிள்ளைகளைக் கொண்டு பழைய அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, வண்ணம் தீட்டச் செய்யுங்கள். கடையில் வாங்கிய படத்தைவிட அதுவே விருந்தினரின் கண்ணில் படும். எழுதின பிள்ளையும் அந்த வசனத்தை மறக்காது.

மலருக்காகச் செலவிடவேண்டாம். தோவாளைச் சந்தையிலிருந்து நம் நகரத்துக்கு வரும் பூவின் விலை ஓண நாட்களில் ஏறிவிடும். வாசலோரத்துக் குரோட்டன்ஸ் இலைகளை ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்தால் பல நாள் வாடாது. மணி பிளான்ட் வைத்திருப்போர் வாரம் ஒருமுறை தண்ணீரை முழுவதுமாக மாற்றிப் புட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது.

தெர்மோகோல் அலங்காரத்தை அறவே விடுங்கள். 2022 ஜூலை 1 முதல் அலங்காரத் தெர்மோகோலும், பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சிகளும், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கரண்டிகளும் இந்தியா முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் இருக்க, அவை நமக்கு எதற்கு?

முப்பதுபேருக்கு விருந்து

ஒன்றரைக் கிலோ கருப்புக் கொண்டைக்கடலையை இரவில் ஊறவைத்து வேகவைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ சுண்டல் ஆகும், முப்பதுபேருக்குப் போதுமானது. அல்லது ஐந்து கிலோ மரச்சீனிக்கிழங்கைத் தோலுரித்து, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கைப் பரிமாறாதீர்கள். திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரவச் செய்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அரிசி கிடைக்காத காலங்களில் ஏழைகளின் பசியாற்றிய உணவு இது. இதைப் பரிமாற வெட்கப்பட வேண்டியதில்லை.

குடிப்பதற்குச் சுக்கு, கொத்தமல்லி, மிளகு தட்டிப்போட்டுக் கருப்பட்டி சேர்த்த சுக்குக் காபி மூன்றரை லிட்டர் போதும். பால் தேவையில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இனிப்புச் சேர்க்கும் முன்பே கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

ஒரு காரியம் முக்கியம். சமையல் யாவும் கூட்டத்திற்கு முன்பே முடிந்திருக்கவேண்டும். வசனம் பகிரப்படும் நேரத்தில் வீட்டுத் தலைவி அடுப்படியில் நிற்பாரானால், மார்த்தாளின் வருத்தமே நம் வீட்டிலும் நடக்கிறது (லூக்கா 10:40). சகோதரர்களே, பாய் விரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் உங்கள் பங்கு.

சுண்டல் பரிமாறும்போது முதல் கிண்ணத்தைப் பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒலிபெருக்கியைத் தவிர்த்து, வருகிறவர்களின் வண்டிகள் அவர்கள் வாசலை மறிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அவர்களே உங்கள் விருந்தாளிகளாகலாம்.

நாள் குறியுங்கள்

பிரியமானவர்களே, அந்நியரை உபசரிக்க மறவாதிருக்கும்படி வேதம் நமக்குக் கட்டளையிடுகிறது (எபிரெயர் 13:2). பெரிய வீடு வாங்கிய பின்பு என்றோ, கடன் தீர்ந்த பின்பு என்றோ அந்தக் கட்டளையில் இல்லை. நாமும் ஒரு காலத்தில் இந்த நகரத்திற்கு அந்நியராய் வந்தவர்கள். நேற்று ரயிலில் வந்திறங்கி, சபையின் கடைசி வரிசையில் தனியே உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கு உங்கள் சுவரின் நிறம் தேவையில்லை. தன் மொழியில் பேசும் ஒரு வீடும், ஒரு டம்ளர் காபியுமே அவனுக்குத் தேவை.

ஆகவே இந்த மாதத்திலேயே ஒரு மாலையைக் குறித்து உங்கள் போதகரிடம் சொல்லுங்கள். தேதி குறித்தபின் வீட்டைச் சுத்தம் பண்ணத் தொடங்குங்கள். உங்கள் வாசலில் வருகிறவர்களையும், வரவேற்கிற உங்களையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.