எள் பூசிய சூரை மீன்: திருப்பூரில் செய்யலாமா?

“அம்மா, இந்தச் சிவப்பு மீனை நம்ம வீட்டுல செய்ய முடியுமா?” என்று மகள் செல்போனை நீட்டினாள். வெளியே எள் ஒட்டி, உள்ளே மாதுளை நிறத்தில் ஒரு மீன் துண்டு. இப்படி மேல்பக்கத்தை மட்டும் சுட்டெடுப்பதை ஜப்பானில் ‘தடாகி’ என்கிறார்கள். மீன் வேறொன்றுமில்லை, டுனா எனப்படும் நம்ம சூரைதான். மாசிக் கருவாடும் இந்த இனத்தில்தான் செய்கிறார்கள்.

எள்ளுக்கு இங்கே கவலையில்லை. பக்கத்து ஈரோடு மாவட்டத்தில், சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எள் ஏலமே நடக்கிறது. யோசிக்க வேண்டியது மீனைப் பற்றித்தான்.

சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு என்று ஓடும் பனியன் ஊர் இது. ஞாயிறு காலை தென்னம்பாளையம் மீன் மார்க்கெட்டில் கால் வைக்க இடமிருக்காது. அங்கே வரும் கடல் மீன்கள் தூத்துக்குடி, ராமேஸ்வரம், கேரளக் கரை என்று தொலைவிலிருந்து ஐஸில் வருபவை. சூரைக்கு இந்தப் பயணம்தான் சோதனை. அதன் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். குளிர் குறைந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அது உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது.

எங்கள் வீட்டிலேயே பட்டிருக்கிறோம். ஒருமுறை சூரைக் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் என் கணவருக்கு முகமெல்லாம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி. ‘மீன் அலர்ஜி’ என்றே நினைத்தோம். “இது அலர்ஜி இல்லீங்க, மீன் ஐஸ்ல சரியா இல்ல” என்றார் டாக்டர். வாயில் வைத்ததும் நாக்கு மிளகு போல் சுறுசுறுவென்றால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

அதனால் “ஏனுங்கண்ணா, சூரை எப்ப வந்துச்சுங்க?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஐஸுக்குள் புதைந்திருக்கிறதா, மேலே சும்மா கிடக்கிறதா என்று பாருங்கள். சதை அழுத்தமாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உறைந்த துண்டு வாங்கினால் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள், சமையல் மேடையில் அல்ல.

படத்தில் உள்ளது போல் உள்ளே பச்சையாக விட நான் சம்மதிக்கவில்லை. சாதாரண மார்க்கெட் மீனுக்கு அது சரிப்படாது. முழுதாக வேகவைத்தாலும் ருசி குறையவில்லை.

அரை கிலோ சூரையை ஒரு விரல் கனத்துக்கு வெட்டி, நடுவில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையை நீக்குங்கள், கவிச்சி குறையும். ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றியெடுங்கள். ஈரமிருந்தால் எள் ஒட்டாது. உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் இஞ்சிச் சாறு தடவிப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்து, வறுக்காத வெள்ளை எள்ளும் கறுப்பு எள்ளும் கலந்த தட்டில் இரண்டு பக்கமும் அழுத்தி எடுங்கள்.

இரும்பு தோசைக்கல்லில் கடலை எண்ணெய் இரண்டு ஸ்பூன். மிதமான தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். தீ கூடினால் எள் கருகிக் கசந்துவிடும். ஒரு துண்டைப் பிட்டுப் பாருங்கள். நடுவிலும் சிவப்பு மாறியிருந்தால் இறக்கிவிடலாம். எலுமிச்சை பிழிந்து, சின்ன வெங்காயத்தைப் பச்சையாக நறுக்கி வையுங்கள். ரசம் சாதத்துக்கு அருமையாகப் பொருந்துகிறது. பெரிய சூரைகளில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அடிக்கடி கொடுக்க வேண்டாம்.