ஆய்வுக்கூடத்திற்கும் ஒரு தேர்வு

ஈரோட்டு மஞ்சளுக்குப் பளபளப்பூட்டச் சிலர் ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறமியைச் சேர்ப்பதுண்டு. மஞ்சள்தூளில் ஈயம் பத்து இலட்சத்தில் 10 பங்கைத் தாண்டக்கூடாது என்பது விதி. கோவை, சேலம் உள்ளிட்ட ஆறு ஊர்களில் தமிழக அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. ஒரு கூடம் '10.4' என்றால் வணிகர்மீது வழக்கு வரும். உண்மையில் இருந்தது 8 என்றால்?

இதற்குத்தான் திறனறி சோதனை. ஒரே தூளை நன்கு கலந்து, பொட்டலங்களாக்கிப் பல கூடங்களுக்கு அனுப்புவார்கள். விடை கூடங்களுக்குத் தெரியாது. ஏற்கப்பட்ட மதிப்பு 8, திட்டவிலக்கம் 0.8 எனக் கொள்வோம். 10.4 என்ற கூடத்தின் விலகல் 2.4, அதை 0.8ஆல் வகுத்தால் 3. மதிப்பெண் 2 வரை நன்று; 3ஐத் தொட்டால் தேறவில்லை! கருவியிலா, கரைசலிலா, கணக்கிலா பிழை என்று தேடியாக வேண்டும்.

2015இல் மாகி நூடுல்ஸில் ஈயம் 17.2 என்றது கொல்கத்தா ஆய்வுக்கூடம், வரம்போ 2.5. விற்பனை தடைப்பட்டது. பின்னர் மும்பை உயர்நீதிமன்ற ஆணைப்படி, தரச்சான்று பெற்ற மூன்று கூடங்கள் வேறு பொட்டலங்களைச் சோதித்தன. மூன்றிலும் ஈயம் வரம்புக்குள்ளேயே இருந்தது.

2016இல் மைய அரசு உணவுச் சோதனையை வலுப்படுத்தச் சுமார் 482 கோடி ரூபாயில் திட்டம் வகுத்தது. நவீனக் கருவிகள், நடமாடும் ஆய்வு வண்டிகள் அதில் அடங்கும். கருவியை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு உழைக்கும். திறனறி சோதனைக்கோ திரும்பத் திரும்பக் கட்டணம் கட்டவேண்டும், மஞ்சளுக்கு வேறு, பாலுக்கு வேறு. அதில் கலந்துகொள்ளாத கூடம் தேசியத் தரச்சான்றைத் தக்கவைக்க முடியாது. கருவிக்குத் தரும் அரசு இதற்கும் தரத்தான் வேண்டும்.