நெல் கிடந்த விமான நிலையம்

ஒரு நெற்களஞ்சியம் கட்ட எவ்வளவு செலவாகும் என்பது விவசாயிகளாகிய உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். கல், சீமெந்து, கூரைத்தகடு, ஈரம் ஏறாத தளம், எலி புகாத கதவு. இந்த நாட்டில் நெல் அடுக்கிய மண்டபங்களுள் மிகவும் விலை கூடியது எது என்று கேட்டால், மத்தல விமான நிலையம் என்றே சொல்ல வேண்டும்.

அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 2013 மார்ச் மாதம் திறக்கப்பட்ட இந்த விமான நிலையத்துக்குச் செலவானது ஏறத்தாழ 20 கோடியே 90 இலட்சம் அமெரிக்க டொலர். அதில் 19 கோடி சீனாவின் எக்சிம் வங்கியிடம் வாங்கிய கடன். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வந்த விமானக் கம்பனிகளும் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. 2015இல் அங்கே பொதிகள் வைக்கும் மண்டபங்கள் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுக்கப்பட்டு, நெல் மூடைகள் அடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அந்தச் சுற்றாடலிலிருந்து காட்டு விலங்குகளை விரட்ட நூற்றுக்கணக்கான படையினரும் பொலிசாரும் அனுப்பப்பட்டனர்.

2013இல் ஒரு டொலர் ஏறக்குறைய 127 ரூபா. அப்படிப் பார்த்தால் செலவு 2,600 கோடி ரூபாவுக்கு மேல். அதே காலத்தில் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டக் கொடுக்கப்பட்டது ஐந்தரை இலட்சம் ரூபா. வகுத்துப் பாருங்கள்: நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள்!

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை அறைகளில் வாழும் நம் குடும்பங்களைச் சந்திக்கப் போனால், “சுவாமி, எங்களுக்குத் தாறதுக்கு மட்டும் காசில்லை எண்டு சொல்லுகினம்” என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. காசு இருந்தது, போன வழிதான் வேறு. கொட்டாஞ்சேனையிலிருந்து பார்த்தாலே தெரிகிற தாமரைக் கோபுரத்துக்குப் போனது 11 கோடி டொலருக்கு மேல். 2012இல் தொடங்கிய அந்த வேலை முடிந்து, பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 2022 செப்டெம்பரில். கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்து ஐந்து மாதம் கழித்து!

இவற்றை யாரோ ஒருவருடைய கணக்குப் பிழை என்று தள்ளிவிட முடியாது. வீண்செலவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். வெட்டப் போனால் அவர் கோபிப்பார். அவருடைய கோபத்துக்கு ஆட்சியாளர் அஞ்சுகிறார். ‘அரசியல் திடசித்தம் இல்லை’ என்று பத்திரிகைகள் எழுதுவது இந்த அச்சத்தைத்தான்.

அமைச்சரவையை எடுத்துக்கொள்வோம். 2007 ஜனவரியில் எதிர்க்கட்சியிலிருந்து ஒரு கூட்டம் கட்சி மாறி வந்தது. அவர்களையும் சேர்த்துப் பதவி கொடுத்ததில், 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் அமைச்சர், பிரதி அமைச்சர் என்று நூறு பேருக்கு மேலாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாகனம், எரிபொருள், அலுவலகம், பணியாளர், காவலர். பெரும்பான்மையை விலைக்கு வாங்கும்போது கொடுக்கப்படும் பணமே இந்தச் செலவு. கொடுப்பதை நிறுத்தினால் ஆட்சி கவிழும். அப்படியிருக்க எந்தத் தலைவர் நிறுத்துவார்?

அதே ஆண்டு ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. (பஸ்ஸுக்கு டீசல் அடிக்க அன்று காசு தட்டுப்படவில்லை. உங்களில் சிலர் அந்தப் பஸ்ஸில் இருந்திருக்கலாம்.)

2015இல் நல்லாட்சி வந்தது. அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் அமைச்சர்களை 30 என்றும் மற்றவர்களை 40 என்றும் மட்டுப்படுத்தியது. ஆனால் தேசிய அரசாங்கம் அமைந்தால் எண்ணிக்கையைப் பாராளுமன்றமே கூட்டலாம் என்று ஒரு பொட்டு விடப்பட்டிருந்தது. வேலியில் பொட்டு விட்டால் மாடு நுழையாமல் இருக்குமா? சில மாதங்களிலேயே, அந்தச் செப்டெம்பரில், 48 அமைச்சர்களுக்கும் 45 இராஜாங்க, பிரதி அமைச்சர்களுக்கும் பாராளுமன்றம் அனுமதி கொடுத்தது.

2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடையை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அப்போது சீனாவிலிருந்து சேதன உரம் ஏற்றி வந்த கப்பலைக் கிருமி இருக்கிறதென்று திருப்பிவிட்டார்கள். ஒரு மூடைகூட இறங்கவில்லை. ஆனாலும் 2022 தொடக்கத்தில் அதற்காக 60 இலட்சத்துக்கு மேற்பட்ட டொலர் கட்டப்பட்டது.

பிறகு சிக்கனம் வந்தது. எங்கே வெட்டினார்கள்? 2023 பெப்ரவரியில் 75ஆவது சுதந்திர தின விழாவுக்கு 20 கோடி ரூபா ஒதுக்கினார்கள். நமது திருச்சபை அதை வீண்விரயம் என்று கண்டித்தது. அடுத்த மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு மட்டும் காசில்லை என்றார்கள். ஒதுக்கிய நிதியைத் தடுத்துவைக்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லியும் அந்தத் தேர்தல் நடந்தது 2025 மே மாதத்தில்தான். இதற்கிடையில், 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆனது. எரிபொருளும் சமையல் எரிவாயுவும் அதற்குத் தப்பவில்லை. அரசாங்கம் தன் செலவைக் குறைப்பதைவிட நம் அடுப்பில் கைவைப்பது சுலபம். அடுப்புக்குப் பாராளுமன்றத்தில் வாக்கு இல்லையே!

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் பதவியேற்ற அரசாங்கம் ஜனாதிபதியைத் தவிர 21 அமைச்சர்களோடு தொடங்கியது. முன்னாள் ஜனாதிபதிகளுக்கு அரச வீடும் சலுகைகளும் கொடுத்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை 2025 செப்டெம்பரில் 151க்கு 1 என்ற வாக்கால் நீக்கினார்கள். நாட்டின் செலவில் இது கடுகளவு என்றாலும், முடியாது என்று இவ்வளவு காலம் சொன்னது முடிந்தது. அந்தக் கட்சிக்குச் சொந்தமாகவே 159 ஆசனங்கள் இருந்தன. எவரையும் விலைக்கு வாங்கத் தேவை இருக்கவில்லை.

கடுகை விட்டுப் பூசணிக்காய்க்கு வருவோம். யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. 2023 ஜனவரியில், அதாவது பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், இராணுவத்தின் 2 இலட்சம் ஆளணியை அடுத்த ஆண்டில் 1 இலட்சத்து 35 ஆயிரமாகவும் 2030இல் 1 இலட்சமாகவும் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். இந்தச் செலவுக்கும் சொந்தக்காரர் உண்டு. தெற்கில் வயலால் பிழைக்க முடியாத விவசாயக் குடும்பத்தின் மகனுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் வேலை படைதான். அவனும் உங்களைப்போல் ஒரு விவசாயியின் பிள்ளை. அவனுக்கு வேறு வேலை காட்டாமல் ஆட்களைக் குறைத்தால் அவன் ஊரில் வாக்குப் போய்விடும்.

நமக்கோ இந்தச் செலவு இரட்டை நட்டம். வரியும் கட்டுகிறோம், நிலத்தையும் கொடுத்திருக்கிறோம். பலாலிப் பக்கத்துச் செம்மண்ணில் வெங்காயம் போட்டவர்கள் 1990இல் எழும்பியவர்கள். கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டும் வலிகாமம் வடக்கு நிலம் முழுவதும் இன்னும் கைக்கு வரவில்லை. 2007இல் மன்னார் முள்ளிக்குளத்திலிருந்து அனுப்பப்பட்ட மக்களின் ஊரில் இருப்பது கடற்படைத் தளம். அந்தக் காணிகளில் விளைந்திருக்க வேண்டிய வெங்காயமும் நெல்லும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் செலவாக எழுதப்படுவதில்லை.

இதைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும், எந்த அரச அலுவலகத்திடமும், தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்க முடியாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுக்கலாம். மறுத்தால் குறித்த உத்தியோகத்தருக்கும், அதன் பின் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். உங்கள் காணி எத்தனை ஏக்கர், எதற்குப் பயன்படுகிறது, உங்கள் பிரதேச செயலகத்துக்கு மீள்குடியேற்றத்துக்கென வந்த பணம் எவ்வளவு, செலவழியாமல் திரும்பியது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். உறுதியின் பிரதி, பழைய குடும்ப அட்டை இருந்தால் கொண்டு வாருங்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ளவர்களுக்கு மனு எழுத நாங்கள் உதவுவோம்.